பித்த உடம்பா, பித்தம் ஏறிய உடம்பா?

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் பதினாறு வருஷமாக ஃபர்னஸ் பக்கம் நிற்கிறேன். கியர்களைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் வேலை. உள்ளே 900 டிகிரிக்கு மேல் ஓடும். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். வீடு திருநின்றவூரில், ரயிலேறினால் திருவள்ளூர் நாலாவது ஸ்டேஷன், அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

நாற்பது தாண்டியதும் நெஞ்செரிச்சலும் வாய்க்கசப்பும் ஆரம்பித்தன. ராத்திரி வேலையான சி ஷிப்ட் முடிந்து வந்தால் கண்ணைத் திறக்க முடியாது, அப்படி எரியும். ரயிலில் வரும்போது செல்போனில் ஒரு கேள்விப்பட்டியல் கிடைத்தது. தோல் எப்படி, பசி எப்படி, கோபம் வருமா என்று இருபது கேள்வி. நிரப்பி முடித்தேன், ‘நீங்கள் பித்த உடல்வாகு’ என்றது. அம்மா பல வருஷமாகச் சொல்வதும் அதுதானே, “உனக்கு சூட்டு உடம்புடா” என்று. சந்தோஷமாக நம்பிவிட்டேன்.

சூட்டுக்குக் குளிர்ச்சி. ராத்திரி ஒரு கிண்ணம் தயிர், காலையில் வெறும் வயிற்றில் வெள்ளரி, தலைக்குப் பச்சைத் தண்ணீர். அக்னி நட்சத்திரத்தில் தொடங்கினேன், இதமாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்த பிறகும் விடவில்லை. ஏரி நிரம்பியபோது என் மூக்கும் நிரம்பிவிட்டது. காலையில் விரல் மடங்காது, முழங்கால் சொடுக்கு விடும். வேடிக்கை என்னவென்றால், நெஞ்செரிச்சலும் போகவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தா பிரிவு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அங்கிருந்த டாக்டரம்மா மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்தார். ஆட்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம் என்பது கணக்கு. நாடியைவிட அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. “இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, இருபது வயசுல எப்படி இருப்பீங்க?” ஒல்லி, எவ்வளவு தின்றாலும் சதை ஒட்டாது, குதிகால் வெடிப்பு, சின்னச் சத்தத்துக்கே விழித்துக்கொள்வேன், வேகமாகப் பேசுவேன் என்றேன். “உங்க உடம்பு வாத உடம்பு. பித்தம் நீங்க வேலையில ஏத்திக்கிட்டது. ரெண்டும் வேற வேற” என்றார்.

ஆயுர்வேதத்தில் இதற்குப் பிரகிருதி, விகிருதி என்று தனித்தனிப் பெயரே உண்டு. பிறவியில் அமைந்தது ஒன்று, இப்போது கெட்டிருப்பது இன்னொன்று. நம் சித்த மருத்துவத்தில் வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்று சொல்வது பிறவி அமைப்பை. பித்தம் மிகுந்துவிட்டது என்பது இன்றைய நிலவரத்தை. செல்போன் கேள்விப்பட்டியல் இரண்டையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டிவிடுகிறது. வீட்டுக்கு வந்து சோதித்தும் பார்த்தேன். நன்றாகத் தூங்கி எழுந்த ஞாயிற்றுக்கிழமை நிரப்பியபோது வாதம் என்று வந்தது. என் சார்பில் மனைவி நிரப்பியபோது, கோபம் பற்றிய கேள்வி ஒன்றாலேயே பித்தம் எகிறியது.

தயிர் விஷயம்தான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. தொட்டால் சில்லென்று இருப்பதால் அதைக் குளிர்ச்சி என்கிறோம். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் தயிரை வெப்ப குணத்தில் சேர்க்கிறது. கபத்தையும் பித்தத்தையும் கூட்டும், ராத்திரியில் சாப்பிடக் கூடாது என்கிறது. பித்தத்தைத் தணிக்க நான் தினமும் பித்தத்தையே சாப்பிட்டிருக்கிறேன்! வெண்ணெய் எடுத்து நீர் விளாவிய மோர் வேறு சரக்கு. பகல் ஷிப்டில் இப்போது அதுதான், பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு.

அதே நூலை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துவதிலும் சிக்கல் இருக்கிறது. மழைக்காலத்தில் சேரும் பித்தம், மழை விட்டு வெயில் அடிக்கும் சரத் காலத்தில் சீறும் என்பது அதன் கணக்கு. மாதக் கணக்கில் அந்தச் சரத் நமக்கு ஐப்பசி, கார்த்திகை; வடக்கே மழை ஓய்ந்திருக்கும். இங்கே அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். தமிழில் அந்த இரண்டு மாதத்துக்குக் கூதிர் என்று பெயர். பெயரிலேயே குளிர் நடுங்குகிறது. ஆகவே காலண்டரை நான் பார்ப்பதில்லை, ஜன்னலைப் பார்க்கிறேன். வானம் மூடியிருந்தால் சுக்கு, மிளகு, சூடான ரசம். பங்குனியில் வெயில் ஏறியதும் வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர், காலையில் கேழ்வரகுக் கூழ், கிடைத்தால் நுங்கு.

எண்ணெய்க் குளியலில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்குப் புதனும் சனியும் என்று கேட்டு வளர்ந்ததால், சி ஷிப்ட் முடித்து சனிக்கிழமை காலை வந்து தலை முழுகிவிட்டுப் படுத்துவிடுவேன். எழுந்தால் தலை பாறாங்கல். எண்ணெய் தேய்த்த அன்று பகல் தூக்கம் கூடாது என்ற பாதி விதியை நான் காதில் வாங்கவே இல்லை. ராத்திரி முழுக்க விழித்தவன் பகலில் தூங்காமல் இருக்க முடியுமா? அதனால் சி ஷிப்ட் வாரத்தில் தலைக்கு எண்ணெய் கிடையாது. ராத்திரி தூங்கி எழுந்த லீவு நாள் காலையில் நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி, நாலு மிளகு போட்டுத் தேய்த்து, அரை மணி கழித்து சீயக்காய், வெந்நீர். அன்றைக்கு ரசம் சாதம். மற்ற நாட்களில் படுக்கும் முன் உள்ளங்காலுக்கு மட்டும் கொஞ்சம் நல்லெண்ணெய். குதிகால் வெடிப்பு இதில்தான் அடங்கியது. தரையில் கால் வழுக்கும், துடைத்துவிட்டு எழுந்திருங்கள்.

சாப்பாட்டில் இன்னொரு மாற்றம். நடுராத்திரி இரண்டு மணிக்கு கேன்டீனில் பரோட்டா தின்பதை விட்டேன். ஒன்பது மணிக்கு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன், நடுவில் பசித்தால் இரண்டு வாழைப்பழம். நெஞ்செரிச்சல் முக்கால்வாசி இதிலேயே போனது, எந்தச் சூரணமும் இல்லாமல்.

சித்தப்பா கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய ஊர் எங்கள் திருநின்றவூர். இங்குள்ள இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இதய நோய்க்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்தக் கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த சித்தப்பாவுக்கு ஒரு விடியற்காலை நெஞ்சை அழுத்தியது. இடது தோள் வரை இழுத்தது, வியர்த்து ஊற்றியது. “வாயுடா, வேற ஒண்ணுமில்ல” என்று பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பையன்தான் 108-க்கு அடித்தான். மாரடைப்பு. பிழைத்தார், ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வாயு என்ற சொல் எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் பதிலாக இருந்தது. நெஞ்சு வலிக்கு மட்டும் இப்போது அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை.

சமையலறைச் சரக்கும் மருந்துதான் என்பதை மறந்துவிடுகிறோம். தொண்டைக் கமறலுக்கு அதிமதுரம் நல்லது. தினமும் சப்பினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிபி மாத்திரை சாப்பிடும் என் மாமியார் அதைத்தான் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்தார். லேகியம் என்றால் பாதி வெல்லம், சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. நான் சீசாவைத் திருப்பி உரிம எண், சரக்குப் பட்டியல், காலாவதித் தேதி மூன்றையும் பார்க்கிறேன். 1944-ல் தொடங்கிய, திருவான்மியூரில் இருக்கும் இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகம், தமிழக அரசின் டாம்ப்கால் மருந்து நிறுவனம் மாதிரி இடத்துச் சரக்கென்றால் கொஞ்சம் நிம்மதி.

அம்மாவின் மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பொடி ஒன்று இருந்தது, லேபிள் இல்லாத டப்பாவில். மூன்றே நாளில் வலி பறந்தது. இரண்டு மாதத்தில் முகம் உப்பி, சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் பார்த்த டாக்டர். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அவரே சொல்லி, அவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் விட்டோம். அந்த டப்பா இன்னும் பரணில் இருக்கிறது. வலி தாங்காத ராத்திரிக்கு இருக்கட்டும் என்கிறாள் அம்மா. ஏணியை நான் மாடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.