நார்க்கழிவும் கருத்தரங்கும்

கேள்வி: கோவை வேளாண் பொறியியல் கல்லூரியில் முதுகலை பயிலும் என் மகன், தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சபையில் பேசவேண்டுமென்று மாதக்கணக்காகத் தவிக்கிறான். அந்தப் பேச்சால் தோப்புக்காரனுக்கு என்ன பிரயோஜனம்?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி.

பதில்: 1972-இல் தோன்றிய அக்கல்லூரியில், தங்கள் ஊர் நார் ஆலைகளின் வாசலில் குவிந்து, மழையில் ஊறிச் செந்நிறச் சாறாய் நிலத்தில் இறங்கும் நார்க்கழிவைப் பற்றி ஒரு மாணவர் பேசுவதாக வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காய் இட்டு மக்கவைத்தால், நூற்றுக்கு மேலிருந்த கரிம-தழைச்சத்து விகிதம் ஏறத்தாழ 24-க்கு இறங்கி, அவ்வஸ்து நல்ல எருவாகிறதென்று அவர் விஸ்தாரமாய் விளக்கிய பின், “ஏற்றுமதிக்காக உப்பு நீங்கக் கழுவுகிறார்களே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்பாரானால், வழிகாட்டிப் பேராசிரியர் தனியறையில் கேட்க மறந்ததைச் சபை கேட்டுவிட்டது என்றுதான் கொள்ளவேண்டும், தோப்புக்காரரின் கிணற்றுக்கு அக்கேள்வியே முக்கியம். (திரையில் காட்டியதையே வரி பிசகாமல் வாசிக்கும் வழக்கம் மட்டும் எனக்குச் சம்மதமில்லை.) தங்கள் மகன், மேடையேறுமுன் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருநடை போய், அங்கு வரும் விவசாயிகளிடம் விஷயத்தைக் கொங்குத் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும்.