மரத்தவளைக்கு மஞ்சள் பத்தா?

குளியலறைக்கு வந்த மரத்தவளையை மகன் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறான். தோல் உரிகிறது, தொடை சிவந்திருக்கிறது. மஞ்சள் பூசலாமா?
– வாசகி, பேச்சிப்பாறை

மஞ்சளைக் குழம்புக்கே வைத்துக்கொள்ளுங்கள். தவளை தோலால்தான் தண்ணீர் குடிக்கிறது. மூச்சு விடுவதிலும் தோலுக்குப் பங்குண்டு. மேலே பூசுவது உள்ளே போய்விடும். வேப்பெண்ணெய், உப்பு, களிம்பு எதுவும் வேண்டாம்.

தோல் உரிவது மட்டுமென்றால் நோயல்ல. சட்டையைக் கழற்றுவதுபோல் உரித்து, வாயாலேயே இழுத்துத் தின்றுவிடும். தொடையின் பின்புறம் கருமைக்கு நடுவே மஞ்சள் புள்ளிகள் தெரிந்தாலும் பயமில்லை. நம்மூர் மரத்தவளைக்கு அது பிறவி அடையாளம்.

உரிந்த தோல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு, இரையும் எடுக்காமல் சோர்ந்திருந்தால் கைட்ரிட் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். வயிறும் தொடையின் உட்புறமும் சிவந்தால் பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரால் வரும் பாக்டீரியா தொற்று.

இன்றே தொட்டியைக் காலிசெய்யுங்கள். காற்றுப் போகும் டப்பாவில் ஈரமான டிஷ்யூ பேப்பர் விரித்துத் தனியே விடுங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். சோப்பு வாசமில்லாத ஈரக்கையால் மட்டும் தொடுங்கள்.

சிவப்பு இருப்பதால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சையென்றால் இட்ராகோனசோல் கலந்த நீரில் தினம் 5 நிமிடம் குளியல். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக். அளவை அவர் சொல்லட்டும்.

குணமாகும்வரை கோதையாற்றுப் பக்கம் விட்டுவிடாதீர்கள். தொற்று தண்ணீரில் பரவும். தேறியதும் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். குளியலறைக்கு அதுவே திரும்பி வந்தால், மகனுக்கும் சந்தோஷம்தானே!