நாலரை முதல் ஒன்பதரை வரை



பள்ளிக்கூடத்தில் எட்டு பீரியடுக்கும் டைம்டேபிள் இருக்கிறது. மணி அடித்து வெளியே வந்த பிறகு? "அதுக்கெல்லாம் யாராவது டைம்டேபிள் போடுவாங்களா?" என்றுதான் நானும் நினைத்தேன்.

அம்மா பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். வீட்டுக்கு வர எட்டரை ஆகிவிடும். அப்பா டெம்போ ஓட்டுகிறார், வர எட்டு மணி ஆகும். மாலையில் வீட்டில் நான், மூன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பி, முழங்கால் வலியோடு அம்மிச்சி, மூன்று பேர்தான். அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" என்பார். முடித்திருக்க மாட்டோம். பிறகு திட்டு, அழுகை, ஆறிப்போன சோறு. காலாண்டுத் தேர்வில் எனக்குக் கணக்கில் 31 மார்க். "ஃபோனப் பாத்தே கெட்டுப்போறா" என்றார்கள். நானும் அதை நம்பினேன்.

எழுதிப் பார்த்த கணக்கு

அறிவியல் டீச்சர் எங்கள் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். "சாயங்காலம் 4.30-ல இருந்து ராத்திரி 9.30 வரை என்ன செய்றீங்கன்னு ஒரு வாரம் எழுதுங்க. நடந்ததை அப்படியே எழுதணும்" என்றார். 5 மணி நேரம், அதாவது 300 நிமிடம். ஒரு நாளைக்கு எனக்கு வந்த கணக்கு இது:

டி.வி., செல்போன் – 110
வீட்டு வேலை – 95
சாப்பாடு, குளியல் – 45
படிப்பு – 40
சண்டை, சும்மா இருந்தது – 10
விளையாட்டு – 0

தம்பியின் கணக்கையும் எழுதினேன். அவனுக்கு விளையாட்டு 70 நிமிடம். வீட்டு வேலை 0.

டீச்சர் அந்த இரண்டு பூஜ்யத்துக்கும் சிவப்பு மையில் கோடு போட்டுத் தந்தார். வேறெதுவும் சொல்லவில்லை. நோட்டை அம்மாவிடம் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரமா கண்ணு பாத்திரத்துலயும் தண்ணிக் குடத்துலயும் நிக்கிற?" என்று கேட்டார். அம்மிச்சி, "அவன் சின்னப் பையன், பொட்டப்புள்ள செய்யட்டும்" என்றார். "அவனுக்கும் ரெண்டு கை இருக்குதுல்லம்மா" என்று அம்மா சொன்னார். செல்போன் 110 நிமிடம் என் தப்புதான். அதையும் ஒத்துக்கொண்டேன்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

1. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும். பையன்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை!

2. ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்காஸ் என்ற அறிஞர் தன் ஞாபகத்தையே சோதித்துப் பார்த்து 1885-ல் புத்தகம் எழுதினார். படித்தது முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக மறக்கிறது என்று கண்டார். ஆகவே இன்று நடத்திய பாடத்தை இன்று மாலையே ஒருமுறை புரட்டுவது நல்லது.

3. இரவில் செல்போன் வெளிச்சம் கண்ணில் பட்டால், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பது குறையும். 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரமாவது, 13 முதல் 18 வயதுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

4. டீ, உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பசியோடு வரும்போது டீயும் வர்க்கியும் சாப்பிடுவதைவிட சுண்டல், பொரிகடலை, கடலை மிட்டாய் மேல்.

எங்கள் வீட்டு டைம்டேபிள்

4.30 – கை கால் கழுவி, சிற்றுண்டி
5.00 – விளையாட்டு (எனக்கு ஸ்கிப்பிங்)
6.00 – வீட்டு வேலை, இருவரும்
6.30 – படிப்பு, நடுவில் 10 நிமிடம் ஓய்வு
8.00 – டி.வி., அரை மணி
8.30 – எல்லோரும் சேர்ந்து சாப்பாடு, பேச்சு
9.15 – பை அடுக்குதல், செல்போன் அலமாரிக்கு
9.30 – படுக்கை

நான் 5.30-க்கும் தம்பி 6.30-க்கும் எழுகிறோம். எனக்கு 8 மணி நேரம், அவனுக்கு 9 மணி நேரத் தூக்கம் சரியாகக் கிடைக்கிறது.

தினமும் இப்படியே நடக்கிறது என்று சொன்னால் பொய். குழாயில் தண்ணீர் வரும் நாளில் எல்லாம் தலைகீழாகிவிடும். முதல் வாரம் தம்பி ரிமோட்டை ஒளித்துவைத்து அழுதான். பாத்திரம் கழுவுகிறேன் என்று இரண்டு டம்ளரை நசுக்கிவிட்டான். இப்போது சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவுவது அவன் வேலை. அப்பா, காய்ந்த துணியை மடித்து வைக்கிறார். வீட்டு வேலை எனக்கு 30 நிமிடம்தான் ஆகிறது.

அரையாண்டில் கணக்கில் 46 எடுத்தேன். பெரிய மார்க் இல்லைதான். ஆனால் இப்போது அம்மா செருப்பைக் கழற்றும்போது, "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்கிறார். அதுதான் எனக்கு மார்க்கைவிடப் பெரிசு.

நண்பர்களே, வருஷத்துக்கு 200 பள்ளி நாள் என்று வைத்தாலும், ஒரு நாளைக்கு 5 மணி வீதம் 1000 மணி நேரம் நம் கையில் இருக்கிறது. ஒரே ஒரு வாரம் உங்கள் 300 நிமிடத்தை எழுதிப் பாருங்கள். எங்கே பூஜ்யம் வருகிறது என்று பார்த்து, வீட்டில் காட்டுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி