கோப்புக்குப் பெயரிடல்

திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பது நாம் அறிந்ததே. 1954-இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக் கழகத்தில் தமிழ் பயில்வோர் அவற்றின் பாடங்களைப் படியெடுத்துக் கணிப்பொறியில் சேர்த்து வைத்தல் இயல்பு. கல்லிற் பொறித்த எழுத்துப் பல நூற்றாண்டு நிலைத்தது. நாம் கோப்புக்கு இட்ட பெயரோ, திருப்பதியிலிருந்து சித்தூர் போய்ச் சேர்வதற்குள் சிதைந்துவிடுகிறது. காரணம் யாது?

மாணவர் ஒருவர் மேக் கணிப்பொறியில் "கோவிந்தராசர் தென்சுவர் 5/3/2024?" எனப் பெயரிட்டார் எனக் கொள்வோம். மேக் இதனை ஏற்கும். ஆனால், திரையில் சாய்கோடாகக் காட்டுவதை உள்ளே முக்காற்புள்ளியாக எழுதி வைக்கும். லினக்ஸில் சாய்கோடு கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. ஆகவே அது பெயருள் வாராது. விண்டோஸோ சாய்கோடு, பின்சாய்கோடு, முக்காற்புள்ளி, வினாக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோட்குறி, நிலைக்கோடு, இரு கோணக்குறிகள் ஆகிய ஒன்பதையும் விலக்கும்.

இதனினும் நுண்ணியது ஒன்று உண்டு. 'கோ' என்பதை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு வகை. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறை பிரித்தே எழுதும். நாம் தட்டச்சிடுவதோ பெரும்பாலும் சேர்ந்த வடிவம். லினக்ஸ் இவற்றை இரு வேறு பெயர்களாகவே கொள்ளும். தேடினால் "இல்லை" என வரும்; கோப்போ அங்கேதான் இருக்கும்!

நீளத்துக்கும் அளவுண்டு. லினக்ஸில் ஒரு பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேற்படலாகாது. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு வேண்டும். எனவே 85 குறியீடுகளே அடங்கும். 'தமிழ்' என்னும் சொல்லே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் கொண்டது.

இவை கண்டு தமிழ்ப் பெயரை விட வேண்டுவதில்லை. தீங்கு தரும் குறிகளை விட்டாற் போதும். "2024-03-05-கோவிந்தராசர்-தென்சுவர்" எனப் பெயரிடுக. ஆண்டு முன்னிற்பதால் கோப்புகள் நாள்முறையில் அமையும். இடைவெளிக்கு மாற்றாகச் சிறுகோடு இடுக. கட்டளை வரியில் இடைவெளி ஒரு பெயரை இரண்டாக்கிவிடும். பிரிந்த 'கோ'வைச் சேர்ந்த வடிவாக்க லினக்ஸில் 'கான்வ்எம்வி' என்னும் கருவி உண்டு. ஐயங்களையும் விளக்கங்களையும் பெயரில் ஏற்றாது கோப்பின் உள்ளே எழுதுக. மற்றொரு கணிப்பொறியில் திறந்து பார்த்த பின்னரே மூலத்தை அழிக்க எண்ணுக. முன்னோர் கல்லில் விட்டுச் சென்றதை நாம் ஒரு வினாக்குறியால் இழத்தல் தகுமோ?