சூடேறிய மடிக்கணினி

காய்ச்சல் கண்டவனுடைய நெற்றியில் ஈரத்துணியை இடுவது மட்டும் மருத்துவம் ஆகாது. காய்ச்சல் எதனால் வந்தது என்று ஆராய்ந்து, அக்காரணத்தை நீக்குவதே மருத்துவமாகும். பழுதுற்ற பொறிகளுக்கும் இம்முறையே ஏற்றது.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் அரசுத் திட்டம் 2011-ஆம் ஆண்டில் தொடங்கியது. பல இல்லங்களுக்கு முதன்முதலாக வந்த கணினி அவ்வாறு கிடைத்ததே. அத்தகைய ஓர் இல்லத்தில், அக்காள் பெற்ற கணினியைத் தம்பியும் பயன்படுத்தி வந்தான். ஒருநாள் இரவு அவன் அதை மெத்தைமேல் வைத்து நெடுநேரம் படம் பார்த்தான். அடிப்பகுதி தொட முடியாதபடி சுட்டது. திடீரெனத் திரை இருண்டது. அவன் பொத்தானை அழுத்தினான். விளக்கு எரிந்தது, விசிறி இரைந்தது, சில நொடிகளில் யாவும் அடங்கின. அச்சத்தால் அவன் மீண்டும் மீண்டும் அழுத்தினான். அக்காள் கல்லூரிக்கென ஓராண்டு உழைத்து எழுதிய கட்டுரை அக்கணினியில் இருந்தது. அதற்கு வேறு படி இல்லை.

செய்தி அறிந்த அக்காள் சினம் கொள்ளவில்லை. “தம்பி, இனி அதை அழுத்தாதே. முதலில் அது ஆறட்டும்” என்றாள்.

கணினியின் மூளை போன்றது செயலி. அது பயன்படுத்தும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறிவிடுகிறது. செப்புக் குழாய் ஒன்று அவ்வெப்பத்தை மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கடத்துகிறது. விசிறி அதனைக் காற்றோடு வெளியேற்றுகிறது. காற்றுவழி அடைபட்டால், செயலி முதலில் தன் விரைவைக் குறைத்துக்கொள்ளும். வெப்பம் 100 பாகை செல்சியசு அளவை நெருங்கினால், கணினி தானாகவே நின்றுவிடும். அது கணினியின் சாவன்று, அதன் தற்காப்பு.

அக்காள் மின்னிணைப்பை நீக்கினாள். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தாள். அது உப்பியிருக்கவில்லை. உப்பியிருந்தால் அதனை அழுத்துவதும், குத்துவதும், மீண்டும் மின்னேற்றுவதும் தீப்பிடிக்கச் செய்யும் செயல்களாகும். பின்னர்ப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப்பிடித்து, எஞ்சியிருந்த மின்சாரத்தை வடித்தாள். ஒரு மணி நேரம் கழித்து, பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் இணைத்தாள். கணினி இயங்கிற்று.

ஆறிய பின்னும் இயங்காதிருந்தால், சார்ஜரையோ நினைவகத்தையோ தாய்ப்பலகையையோ ஐயுற வேண்டும். ஆறியபோது இயங்கிச் சூடானபோது நின்றதால், வெப்பம் வெளியேறும் வழியிலேயே குறை உள்ளது என்பது தெளிவாயிற்று. விசிறி ஒலித்தது; ஆயினும் பக்கத் துளையில் கைவைத்தபோது காற்று வரவில்லை.

“உடனே திறந்து பார்க்கலாமா, அக்கா?” என்றான் தம்பி.

“முதலில் கட்டுரையைக் காப்போம். கணினி போனால் வேறு வாங்கலாம்; எழுதியது போனால் வாங்க இயலாது” என்று கூறி, அவள் கட்டுரையைப் பென்டிரைவில் படியெடுத்தாள். அதன் பின்னரே இணைப்பை அகற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தாள். விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளம்போலப் படிந்திருந்தது. விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை நீக்கினாள். செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே இடப்படும் வெப்பப்பசை ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்துபோவது உண்டு. அதனை மாற்றும் வேலையில் அவளுக்குப் பழக்கமில்லை. ஆகவே, அதனைப் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்தாள். தெரிந்ததைச் செய்வதும் தெரியாததைத் தெரிந்தவரிடம் விடுவதும் ஒருங்கே அறிவுடைமையாகும்.

கணினி செம்மையாக இயங்கலாயிற்று. அன்றுமுதல் தம்பி அதனை மெத்தைமேல் வைப்பதில்லை. சமமான மரப்பலகைமேல் வைக்கிறான். எழுதுவனவற்றுக்கு வேறிடத்தில் ஒரு படியும் வைக்கிறான்.

வெப்பம் நோயன்று, நோயின் அடையாளம். பதற்றம் பொத்தானை அழுத்துகிறது. பொறுமை காரணத்தைத் தேடுகிறது. எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்பவனே பழுதை நீக்குவான்.