தனித்து வாழும் குளவிகள்

குளவி கொட்டக் கொட்டப் புழுவுங் குளவியாகும் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கும் உவமை. குருவின் அருளாற் சீடன் குருவேயாதற்கு இதனை எடுத்துக்காட்டுவர். உவமையின் பொருள் நிற்க. அதிற் கூறப்பட்ட குளவி யாது என்பதையே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

குளவியென்றதும் மரக்கொம்பிற் பெருங்கூடு கட்டிக் கூட்டமாய் வாழ்வனவே பலர்க்கும் நினைவில் எழும். ஆயினும் குளவியினங்களுட் பெரும்பாலானவை தனித்து வாழ்வன. அவற்றுக்கு அரசியுமில்லை, வேலையாட்களுமில்லை. வேட்டையாடும் இனங்களிலே பெண்குளவி தானே இரைதேடிக் கொட்டும். கொட்டப்பட்ட இரை இறப்பதில்லை, அசைவற்றுக் கிடக்கும். ஆதலால் அது அழுகாது, முட்டையினின்று வெளிப்படும் குடம்பிக்கு உணவாகின்றது.

எறும்பும் தேனீயும் குளவியும் கைமனோப்டெரா என்னும் ஒரே வருணத்தன. தனிக்குளவிகளுள் பொம்பிலிடே குடும்பத்தன சிலந்தியையே வேட்டையாடும்; ஏறக்குறைய 5,000 இனங்கள் இதனுள் அடங்கும். குயக்குளவிகளோ, கூட்டமாய் வாழும் குளவிகள் இடம்பெறும் வெஸ்பிடே குடும்பத்திலேயே வைக்கப்படுகின்றன. இவை மண்ணாற் சிறு குடம்போன்ற அறை சமைத்து, அதன் மேற்புறத்தில் நூலிழையொன்றால் முட்டையைத் தொங்கவிட்டு, அந்துப்பூச்சிகளின் புழுக்களைக் கொணர்ந்து நிரப்பி வாயை அடைத்துவிடும். நம் முன்னோர் புழு உட்சென்றதைக் கண்டனர். குளவி வெளிவந்ததையுங் கண்டனர். இடையே நிகழ்ந்ததை மண்சுவர் மறைத்துவிட்டது. எனவே உவமைக்குளவி இதுவேயாதல் வேண்டுமென்பது எமது கருத்து. சுவர்மூலையிற் கூடுகட்டும் மற்றை மண்குளவியாகிய செலிபிரன், ஸ்பெசிடே குடும்பத்தது. அஃது அடைப்பது புழுவையன்று, சிலந்தியை.

ஸ்பெசிடே என்று முன்னைய நூல்கள் வகுத்த பெருங்குடும்பம் பின்னர்ப் பலவாகப் பிரிக்கப்பட்டது. தேனீக்கள் இவ்வேட்டைக்குளவிகளின் வழியிலேயே தோன்றியவை என்பது 2018ஆம் ஆண்டில் வெளியான பரம்பரையலகு ஆய்வால் மேலும் உறுதிப்பட்டது. தேனீயைப் புகழ்ந்து குளவியை இகழ்வோர், தேனீயும் புலாலை விடுத்துப் பூந்தாதை உண்ணத் தலைப்பட்ட குளவியே என அறிவாராக.

அந்தாட்டிக்கா ஒழிந்த கண்டங்கள் யாவற்றிலும் தனிக்குளவிகள் உள. மணலைத் தோண்டி வாழ்வனவற்றுக்கு ஏற்ற நிலம் வேண்டும். மண்கூடு கட்டுவனவோ பெட்டி, மரக்கலம் முதலியவற்றில் ஒட்டிய கூட்டோடு கடல் கடக்கவல்லன. சென்னையின் பெயரைத் தாங்கிய செலிபிரன் மதராசுப்பட்டானம் என்பது 1781இல் பப்ரீசியசு என்பாராற் பெயரிடப்பட்டது. இதன் உறவினமும் ஆசியாவுக்கு உரியதுமாகிய செலிபிரன் கேர்வாற்றம் 1979இல் ஒசுத்திரியாவிற் காணப்பட்டது. அதன்பின் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற் பரவி, ஆங்குள்ள வீடுகளிலும் திரைச்சீலை மடிப்பிலும் நூலடுக்குகளின் இடையிலும் மண்ணறை கட்டி வருகின்றது.