வயிற்றில் அடி, இருதயத்தில் ஊறு

காரைக்காலம்மையார் மூத்த திருப்பதிகங்கள் பாடிய தலமாகத் திருவாலங்காட்டைத் தமிழ் பயில்வார் அறிவர். திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்ததும் அவ்வூரிலேயாம். கரும்பேற்றிய டிராக்டர்களோடு மோட்டார் சைக்கிள்களும் ஒரே பாதையிற் செல்லும் இத்தகைய ஊர்களில், விபத்து நேருங்கால் ஹேண்டில்பார் வயிற்றில் மோதுதல் உண்டு. அங்ஙனம் அடியுண்டார்க்குக் கல்லீரலும் மண்ணீரலும் கிழிதல் கூடுமென்பது பலரும் அறிந்ததே. இருதயத் தசையும் ஊறுபடக்கூடும் என்பதைச் சிலரே அறிவர். அஃது எவ்வாறெனச் சுருங்க ஆராய்வாம்.

நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே உதரவிதானம் என்னும் தசைத்திரை உளது. இருதயத்தைப் பொதிந்த உறை அத்திரையின் நடுப்பாகத்தோடு ஒட்டியிருக்கின்றது. ஆதலின், வயிறு திடீரென அழுந்துங்கால் திரை மேலெழுந்து இருதயத்தை நெருக்கும். அன்றியும், கீழ்ப்பெருஞ்சிரை வழியே இரத்தம் ஒருங்கே மேலேறி, இருதய அறைகளில் அழுத்தத்தை மிகுவிக்கும். இவற்றால் தசை கன்றிப்போதல் கூடும்.

இரண்டாவது காரணம் இரத்த இழப்பு. மண்ணீரல் கிழிந்து உள்ளே இரத்தம் பெருகுமாயின், இருதயத்தை ஊட்டும் தமனிகளிலும் ஓட்டம் குன்றும். இருதயமோ முன்னிலும் விரைந்து துடிக்கும். ஊண் குறைந்து உழைப்பு மிகுந்த உழவெருது போல அது நலிவுறும். நோவினால் மிகச் சுரக்கும் அட்ரினலினும் அதனை வருத்தும்.

இவ்வூற்றை அறிதற்குக் கருவிகள் இரண்டு. ஒன்று, ஐந்தோவன் என்பார்க்கு 1924-இல் நோபெல் பரிசு பெற்றுத்தந்த இ.சி.ஜி. மற்றொன்று, சிதைந்த இருதயத் தசையினின்று இரத்தத்திற் கலக்கும் டிரோபோனின் என்னும் புரதத்தை அளத்தல். அது சில மணி நேரங் கழித்தே உயர்தலும் உண்டு. ஆதலின் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு பெரும் ஐயம் எழும். வண்டியோட்டியவர்க்கு மாரடைப்பு வந்தமையால் விபத்து நேர்ந்ததோ, விபத்தால் இருதயம் ஊறுபட்டதோ? இ.சி.ஜி. இரண்டிடத்தும் ஒத்துத் தோன்றுதல் கூடும். மாரடைப்பென்று துணிந்து இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஈந்தால், வயிற்றினுள் இரத்தம் ஒழுகுவார்க்கு அதுவே கூற்றாகும். எனவே, வயிற்றை ஸ்கேன் செய்து, ஒழுக்கு உளதாயின் அதனை நிறுத்துதலே முதற்கடன்.

நாம் செய்யத்தக்கது யாது? புறத்தே காயமின்மை கண்டு, “ஒன்றுமில்லை” என்று அடியுண்டாரை வீட்டிற்கு அனுப்பாதிருத்தல், 108-ஐ அழைத்தல். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், சாலை விபத்திற்குப் பிந்திய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கவே வகுக்கப்பட்டது. பொருளுக்கு அஞ்சிக் காலந் தாழ்த்தற்க, அக்காலமே உயிராவது.